கடல் எத்தனை அடி தூரம்?

ஆரல்வாய்மொழி ஸ்டேஷனில் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் அம்மணிகள் சற்று ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று கையிலிருக்கும் பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பக்கத்து முப்பந்தலில் அதே காற்றைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி அல்ல, கடலைப் பற்றி. மலையடிவாரத்தில் கடல் ஏது என்கிறீர்களா? மணக்குடிப் பக்கமிருந்து மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள் அதைச் சந்தைக்கே கொண்டு வந்துவிட்டாள்.

"ஆடிக்கடலு அடுக்களையைக் கொண்டு போச்சு மக்களே! இனி முறியும் போவும். திரும்பக் கெட்ட கவர்மெண்டு விடுமா?"

சிரமமான கேள்விதான். 1981 நவம்பரிலேயே பிரதமர் இந்திரா காந்தி, கரையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் கூடாதென்று கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். 1991 பிப்ரவரியில் அது சட்ட வடிவம் பெற்றது. கடல் பெருகி ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டுப்பாடு. கிராமக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடே கூடாது. ஹோட்டல்காரர்களைத் தடுக்கப் போட்ட கோட்டில் மீனவர் குடிசையும் அகப்பட்டுக்கொண்டது. 2011 அறிவிக்கை மீனவர் வீடுகளுக்கு 100 மீட்டர் என்று இரங்கியது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருங்கி வாழும் கிராமங்களில் 50 மீட்டராக்கியது. அதுவும் வரைபடம் அங்கீகாரமான பிறகே.

அனுமதி பெற்ற பழைய வீடானால், அதே அடித்தளத்தின் மேல் பழுது பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். அடித்தளமே கடலுக்குள் போனவள் எதன்மேல் கட்டுவாள்?

தடுப்புக்குக் கல் போடுகிறார்களே என்பீர்கள். கடலுக்குள் நீளும் அந்தக் கற்குவியலுக்கு இங்கே தூண்டில் வளைவு என்று அழகான பெயர். உண்மையாகவே அது தூண்டில்தான். கரையோரமாக நகரும் மணலை ஒரு பக்கம் பிடித்து வைக்கும். மறு பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் அங்கே கரை கரையும். அடுத்த ஊராரும் கல் கேட்பார்கள். வடிகட்டியை அடுத்த வீட்டுக்குக் கடன் கொடுத்துவிட்டு, நம் வீட்டுக் காப்பிக்குத் தவிப்பதைப் போலத்தான்! மாவட்டக் கரை முழுவதையும் ஒன்றாக வைத்துத் திட்டமிடாமல் ஊருக்கு ஊர் கல் போட்டால் கடல் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

அந்த அம்மாளுக்காக ஒரு மனு எழுதினேன். கடலிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று குறிப்பிட வேண்டியிருந்தது, கேட்டேன்.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே அவள் திருப்பிக் கேட்டாள்: "இன்னைக்கு உள்ள தூரமா மக்களே, ஆடியில உள்ள தூரமா?"