விதிக்கு அடங்காத வினைச்சொற்கள்
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

நான் எழுத வந்திருப்பது இத்தாலி மொழியின் வினைச்சொற்களைப் பற்றி. "உனக்கும் இத்தாலிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன லீவில் ஒரு நூல் மில்லுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். கோன் வைண்டிங் பிரிவில் இத்தாலியிலிருந்து வந்த பழைய மெஷின் ஒன்று இருந்தது. அதில் காற்றுக் குழாய் வால்வின் ஒரு பக்கம் 'அப்பெர்த்தோ' என்றும் மறுபக்கம் 'கியூஸோ' என்றும் எழுதியிருந்தது. ஃபிட்டர் அண்ணனைக் கேட்டேன். "இந்தப் பக்கம் திருப்பினா திறந்திருக்கு, அந்தப் பக்கம்னா மூடியிருக்கு. அவ்வளவுதான் தம்பி" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு சின்ன இத்தாலிய அகராதி கிடைத்தது. அதில் 'அப்பெர்த்தோ'வைத் தேடினால், 'அப்ரீரே என்ற சொல்லைப் பார்க்க' என்று போட்டிருந்தது. 'கியூஸோ'வுக்கு 'கியூதெரே'யைப் பார்க்கச் சொன்னது. அப்ரீரே எப்படி அப்பெர்த்தோ ஆச்சு? அங்கே ஆரம்பித்ததுதான் இந்தக் கிறுக்கு.

விதி என்ன?

இத்தாலிய வினைச்சொற்கள் அநேகமாக எல்லாம் 'ஆரே', 'எரே', 'ஈரே' என்ற மூன்று முடிவுகளில் ஒன்றில் முடியும். 'பர்லாரே' என்றால் பேசுதல். முடிவை வெட்டிவிட்டு, பேசுபவர் யார் என்பதற்கு ஏற்ற விகுதியை ஒட்ட வேண்டும்.

பார்லோ - பேசுகிறேன்
பார்லி - பேசுகிறாய்
பார்லா - பேசுகிறான், பேசுகிறாள்
பர்லியாமோ - பேசுகிறோம்
பர்லாத்தே - பேசுகிறீர்கள்
பார்லனோ - பேசுகிறார்கள்

நமக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. இத்தாலியனும் அப்படித்தான், 'பார்லோ' என்று சொல்லி முடித்துவிடுவான். ஆங்கிலம் போல ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஐ' போட வேண்டிய வேலை இல்லை.

இந்த 'ஆரே' கூட்டம்தான் மிகப் பெரியது. மொழிக்குப் புதிதாக வரும் சொற்களும் இதில்தான் சேருகின்றன. டெலிபோன் வந்தபோது 'தெலெஃபொனாரே', கம்ப்யூட்டர் மௌஸ் வந்தபோது 'கிளிக்காரே'. இவ்வளவு பெரிய கூட்டத்தில் விதியை மீறுகிறவை நாலே நாலுதான்: அந்தாரே (போதல்), தாரே (கொடுத்தல்), ஃபாரே (செய்தல்), ஸ்தாரே (இருத்தல், நிற்றல்). இவற்றிலிருந்து பிறந்த சில சொற்களும் உண்டு. ஆனால் இந்த நாலும் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

'போ' என்ற சொல்லின் குறும்பு

அந்தாரேயைப் பாருங்கள். விதிப்படி 'போகிறேன்' என்பதற்கு 'அந்தோ' என்று வர வேண்டும். வருவதோ 'வாதோ'! வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வன்னோ. (அவர்கள் 'வா' என்றால் 'போகிறான்' என்று அர்த்தம். நம்ம ஊரில் சொன்னால் ஆள் திரும்பி வந்துவிடுவான்!) இங்கே இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. 'வாதோ' பழைய லத்தீனின் 'வாதெரே' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'அந்தியாமோ' வேறு குடும்பம்.

ஆங்கிலத்திலும் அதே 'போ' அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. 'கோ'வின் இறந்த காலம் 'வென்ட்'. அது உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்த காலம். கோ அதை எடுத்துக்கொண்டது.

இதை முதல் வருஷத்திலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் லீவில் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். எழுந்து நின்று 'ஐ கோட்' என்றேன். 'வாக்'குக்கு 'வாக்ட்', 'பிளே'க்கு 'பிளேட்' என்றால் 'கோ'வுக்கு 'கோட்'தானே? வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க நான் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. தெரிந்த கேள்விக்குக்கூட கை தூக்கவில்லை. வைவாவில் பதில் தெரிந்தும் தலை குனிந்து நின்றிருக்கிறேன்.

இத்தாலியிலும் ஒரு 'கோட்'

இத்தாலியில் 1975-ல் 'ஃபன்தோட்ஸி' என்ற நகைச்சுவைப் படம் வந்தது. பாவோலோ வில்லாஜ்ஜோ என்ற நடிகர் உருவாக்கிய பாத்திரம் அது. பெரிய கம்பெனியில் ஒரு சின்ன கணக்கர். மேலதிகாரியைக் கண்டாலே நடுங்குவார். அந்தப் படங்களில் வரும் குமாஸ்தாக்களின் பேச்சை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன தப்பு தெரியுமா? மரியாதையாக 'போங்க' என்று சொல்ல 'வாதா' என்பது சரி. அவர்கள் 'வாதி' என்பார்கள். 'வாங்க' என்பதற்கு 'வெங்கா' சரி, அவர்கள் 'வெங்கி' என்பார்கள். 'சொல்லுங்க' என்பதற்கு 'தீக்கா' சரி, அவர்கள் 'தீக்கி' என்பார்கள்.

ஏன் அந்த 'இ'? 'ஆரே' கூட்டத்தின் விதி அது. மரியாதையாக 'பேசுங்க' என்றால் 'பார்லி'. அந்த விதியைத்தான் வாதோவுக்கும் வெங்கோவுக்கும் போட்டுவிட்டார்கள். மரியாதையாகப் பேச வேண்டும் என்ற பயத்தில், படித்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால் வந்த தப்பு. என் 'கோட்' மாதிரியேதான்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861-ல். அப்போது இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்று துல்லியோ தெ மௌரோ என்ற மொழியறிஞர் கணக்கிட்டிருக்கிறார். மற்றவர்கள் வீட்டில் பேசியது அந்தந்த வட்டாரப் பேச்சு. 1960 முதல் 1968 வரைகூட, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அல்பெர்த்தோ மன்ட்ஸி என்ற ஆசிரியர் டி.வி.யில் பாடம் நடத்தினார். அந்த நிகழ்ச்சியின் பெயருக்கு 'எப்போதும் காலம் கடந்துவிடவில்லை' என்று அர்த்தம். ஆக, இத்தாலியர்களிலேயே பல குடும்பங்களில் யாரோ ஒருவர் முதல் ஆளாக இந்த வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

விதியை மீறுவது ஏன் பிழைக்கிறது?

எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் 'தள்ளு'வுக்குத் 'தள்ளினேன்' என்பார், 'கொள்ளு'வுக்குக் 'கொள்ளினேன்' என்று சொல்லமாட்டார், 'கொண்டேன்'தான். வா - வந்தேன் - வருவேன், நில் - நின்றேன். இதில் எதையும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தினமும் காதில் விழுந்தது, நாக்கில் ஒட்டிக்கொண்டது.

காரணம் அதுதான். அபூர்வமாக வரும் சொல்லின் பழைய வடிவத்தை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். விதி அதை இழுத்துத் தன் வரிசையில் நிறுத்திவிடும். தினமும் நூறு தடவை புழங்கும் சொல்லை மறக்க வழியில்லை. அதனால் அதன் பழைய வடிவம் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே இவை வீட்டில் கேட்டு வளர்ந்தவனுக்குச் சும்மா வரும். கேட்காதவனுக்குத் தானாக வராது. இதில் மூளையின் அளவு எங்கே வந்தது?

அடங்காததிலும் ஓர் அடக்கம்

நல்ல சேதி என்னவென்றால், விதியை மீறுபவை தனித்தனியாக மீறுவதில்லை. கூட்டமாக மீறுகின்றன.

முதல் கூட்டம்: 'நீ'க்கு ஆய் (வைத்திருக்கிறாய்), தாய், ஸ்தாய், ஃபாய், வாய், ஸாய் (அறிவாய்). 'அவர்கள்' என்பதற்கு அன்னோ, தன்னோ, ஸ்தன்னோ, ஃபன்னோ, வன்னோ, ஸன்னோ. ஆறு வினைகள், ஒரே தாளம். ஒன்று தெரிந்தால் ஆறும் தெரியும்.

இரண்டாம் கூட்டம் பூட்ஸ் கூட்டம். வெனீரே என்றால் வருதல். நோட்டில் ஒருமை மூன்றையும் இடப்பக்கமும் பன்மை மூன்றையும் வலப்பக்கமும் எழுதுங்கள்.

வெங்கோ - வெனியாமோ
வியேனி - வெனீத்தே
வியேனே - வெங்கொனோ

'நாம்', 'நீங்கள்' இரண்டும் (வெனியாமோ, வெனீத்தே) ஒழுங்காக இருக்கின்றன. மற்ற நாலும் மாறியிருக்கின்றன. அந்த நாலைச் சுற்றிக் கோடு போட்டால் ஒரு பூட்ஸ் வரும், இத்தாலியின் வரைபடம் மாதிரியே! 'வியேனி', 'வியேனே' மாறியதற்குக் காரணம் அழுத்தம். அவற்றில் அழுத்தம் வேர்ச்சொல்லில் விழுகிறது, அதனால் 'வெ' 'வியே' ஆகிறது. 'நாம்', 'நீங்கள்' இரண்டிலும் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடுகிறது, வேர் தப்பிக்கிறது. லோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் வளைவு. நமக்குத் தெரியாததா?

மூன்றாவது, நம் ஒர்க்‌ஷாப் கூட்டம். விதிப்படி 'செய்யப்பட்ட' என்ற பொருள் தரும் வடிவம் ஆத்தோ, ஊத்தோ, ஈத்தோ என்று முடிய வேண்டும். ஆனால் மெஷின்மேல் எழுதும் சொற்கள் பல மீறுகின்றன: அப்பெர்த்தோ (திறந்தது), கியூஸோ (மூடியது), அச்சேஸோ (ஆன் ஆனது), ஸ்பென்தோ (அணைந்தது), ரோத்தோ (உடைந்தது). எனக்கு விதி தெரியும் முன்பே இரண்டு தெரிந்திருந்தது. வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கை அதை மறக்கவில்லை.

எப்படிப் படிப்பது?

அட்டவணையை மேலிருந்து கீழே மனப்பாடம் செய்யாதீர்கள். அதிகம் புழங்கும் பத்துச் சொற்களை முதலில் எடுங்கள். கூட்டம் கூட்டமாகச் சேருங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் பஸ்ஸில் 'ஆய், தாய், ஸ்தாய்' என்று முணுமுணுத்து, பக்கத்து சீட்டுப் பெரியவர் நகர்ந்து உட்கார்ந்த கதையும் உண்டு. இதே முறையில்தான் இப்போது ஆங்கிலத்தின் 'வென்ட்', 'பாட்', 'தாட்' எல்லாம் எனக்குப் பிடிபட ஆரம்பித்திருக்கின்றன. இந்த வருஷம் வைவாவில் நாலு வாக்கியம் பேசினேன். இரண்டில் தப்பு இருந்தது. ஆனாலும் பேசினேன்.

நமக்கு எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி சுமார் முப்பது வயதில் இந்தியா வந்தார். நம்முடைய வந்தேன், கொண்டேன், நின்றேன் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்று, 1732-ல் சதுரகராதி தந்தார். வீரமாமுனிவர் என்று நாம் வணங்குவது அவரைத்தான். பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கணமும் எழுதினார். அவரும் ஆரம்பத்தில் 'கொள்ளினேன்' என்று சொல்லாமலா இருந்திருப்பார்?

நண்பர்களே, அடுத்த மாதம் புது ஜூனியர்கள் வருவார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து 'ஐ கோட்' என்பான். சிரிக்காதீங்க. அவன் விதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறான். மிச்சம் காதில் விழ வேண்டியதுதான். பக்கத்தில் உட்கார்ந்து 'வென்ட்' என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், போதும்.