கருங்காட்டுக் கிரவல் வழியே

துவிச்சக்கர வண்டியை அறியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் இல்லை எனலாம். தந்தையார் தோட்டத்துக்குச் சென்றதும் அதிலேதான். பிள்ளை கல்லூரிக்குச் சென்றதும் அதிலேதான். 1990களில் எரிபொருள் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் நோயாளரையும் நெல் மூட்டையையும் சுமந்து திரிந்தது அவ்வண்டியே. ஆயினும், அதனைத் தொழிலுக்குரிய வாகனமாகவே நாம் கண்டு பழகிவிட்டோம். காரும் பஸ்ஸும் எதிர்ப்படாத காட்டு வழியிலே, பகல் முழுவதும் வெறும் மகிழ்ச்சிக்காக அதனைச் செலுத்தலாம் என்பதைச் சென்ற ஆண்டு விடுமுறையிலேதான் நாம் உணர்ந்தோம்.

நம்மிடம் முன்னாளிற் கற்ற மாணவர் ஒருவர் ஜேர்மனியின் தென்மேற்குப் பகுதியில் மனைவி மக்களோடு வாழ்கின்றார். அவருடைய அழைப்பின் பேரில் அங்கே சென்றிருந்தபோது, “சேர், ஒரு நாள் காட்டுக்குள்ளே சைக்கிளிற் போவோம்” என்றார். நாற்பதைக் கடந்த நமக்கு மலையேற்றம் ஆகுமோ என்ற ஐயம் இருந்தது. அவருடைய பன்னிரண்டு வயது மகளும் உடன் வருவாள் என்றறிந்த பின்னர் மறுத்துரைக்க நாணம் இடந்தரவில்லை.

கருமை என்ற பெயர்

அந்த மலைக்காட்டுக்குக் ‘கருங்காடு’ என்று பெயர். ஜேர்மானியர் அதே பொருளில் ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்’ என்பர். ஊசியிலை மரங்கள் நெருங்கி நின்று நண்பகலிலும் வெயிலைத் தடுப்பதால் இப்பெயர் பொருத்தமாகவே தோன்றுகின்றது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இம்மலைத் தொடரின் மிக உயர்ந்த சிகரம் பெல்ட்பேர்க். அதன் உயரம் 1493 மீற்றர்.

நாம் புறப்பட்ட இடம் புரொய்டன்ஸ்ராட் என்னும் சிறு நகரம். 1599ஆம் ஆண்டில் வூர்ட்டம்பேர்க் கோமகன் ஒருவர் நிறுவிய அந்நகரின் பெயருக்கு ‘மகிழ்ச்சி நகர்’ என்பது பொருள். நகரின் கடைசி வீடு மறைந்ததும் தார் வீதியும் முடிந்தது. குறுக்கே ஒரு மரத் தடை. அதன் ஓரமாக நுழைந்ததும் சக்கரத்தின் கீழே கிரவல் நொறுங்கும் ஓசையும், எங்கோ ஓர் ஓடையின் சலசலப்புமன்றி வேறொன்றும் செவியில் விழவில்லை.

வழி அமைந்த வரலாறு

இத்தகைய அமைதி இயற்கையாகவே கிடைத்தது என்று எண்ணுவோர் தவறுவர். அவ்வழிகள் உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவையல்ல. மரம் ஏற்றுவதற்காக வெட்டப்பட்டவை. முற்காலத்தில் தறித்த மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து, கின்சிக், மூர்க், என்ஸ் ஆகிய ஆறுகளின் வழியே ரைன் நதிக்கு விட்டு, ஒல்லாந்து வரை மிதக்கச் செய்தனர். ஒல்லாந்தர் அம்மரங்களாற் கப்பல் கட்டினர். சதுப்பு நிலத்தில் அவற்றை முளைகளாக இறக்கி நகரமும் கட்டினர். இவ்வாணிகத்தோடு கண்ணாடித் தொழிலும் கரி சுடுதலும் சேர்ந்து காட்டைத் தின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சரிவுகள் பல மொட்டையாகிவிட்டன. பின்னர் திட்டமிட்டு மரம் நட்டனர். இன்று நாம் காணும் காட்டின் பெரும்பகுதி மனிதர் கைப்பட வளர்த்த காடேயாம்.

ஆற்றுத் தெப்பங்கள் மறைந்து லொறிகள் வந்தபோது காட்டு வழிகளும் பெருகின. அவற்றின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அடியிற் பருங்கல்லும் மேலே பொடிக்கல்லும் இட்டு, நீர் தெளித்து உருளையால் இறுக்குகின்றனர். மழைநீர் தேங்காதவாறு வழியின் நடுப்பகுதி சற்றே உயர்ந்திருக்கும். ஓரத்திற் கான் ஓடும். இடையிடையே மதகு இருக்கும். பாரமேற்றிய லொறி செல்ல வேண்டுமாகையால் ஏற்றமும் மிகச் செங்குத்தாக அமைவதில்லை. லொறிக்காகச் செய்த இந்த உபகாரம் நம்முடைய முழங்காலுக்கும் பயன்பட்டது!

இனி, இந்த வழிகளிற் பிறர் ஏன் கார் ஓட்டுவதில்லை என்று மாணவர் வினவலாம். சட்டமே காரணம். 1975ஆம் ஆண்டின் ஜேர்மன் வனச்சட்டத்தின்படி, காடு அரசாங்கத்தினுடையதாயினும் தனியாருடையதாயினும், ஓய்வின் பொருட்டு எவரும் அதனுட் செல்லலாம். துவிச்சக்கர வண்டியில் வருவோர் வீதியையும் பாதையையும் விட்டு விலகலாகாது. மோட்டார் வண்டிக்குத் தனி அனுமதி வேண்டும். இவ்வுரிமையோடு ஒரு நிபந்தனையும் உண்டு: காட்டினுள் நுழைவோர் தம் பொறுப்பிலேயே நுழைகின்றனர். அந்த நிபந்தனையின் பொருள் அன்று மாலை நமக்கு விளங்கிற்று.

வன அதிகாரி கண்ட வண்டி

ஏற்றத்தின் நடுவே இளைப்பாறியபோது மாணவர் ஒரு செய்தியை நினைவூட்டினார். துவிச்சக்கர வண்டியின் மூதாதையைக் கண்டவரே ஒரு வன அதிகாரிதான். கருங்காட்டின் பெரும்பகுதியை ஆண்ட பாடன் நாட்டிலே, கார்ல்ஸ்றூ நகரில் 1785இல் பிறந்த கார்ல் டிறைஸ் என்பவரே அவர். 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், மரத்தாற் செய்த இரு சக்கர வண்டியொன்றில் அமர்ந்து, மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் சென்று மீண்டார். அவ்வண்டிக்குப் பெடல் இல்லை. காலால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். ஆயினும் அப்பயணத்துக்கு ஒரு மணித்தியாலமளவே சென்றது.

அக்கால வீதிகள் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் உழுத பள்ளங்கள். ஆகவே டிறைஸின் வண்டியைச் செலுத்தியோர் நடைபாதையில் ஏறினர், நடப்போர் வெகுண்டனர், நகரங்கள் தடை விதித்தன. 1849இல் பாடன் நாட்டில் எழுந்த குடியரசுக் கிளர்ச்சியை ஆதரித்துத் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்த டிறைஸ், கிளர்ச்சி அடக்கப்பட்டபின் ஓய்வூதியத்தை இழந்து, 1851இல் வறுமையில் இறந்தார்.

நடப்போருக்கும் வண்டியில் வருவோருக்கும் இடையிலான அப்பழைய வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. அம்மாநில வனச்சட்டம் இரண்டு மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள பாதைகளிற் பொதுவாகத் துவிச்சக்கர வண்டியை அனுமதிப்பதில்லை. இதனை அநீதி என்று வண்டிக்காரரும், பாதுகாப்பு என்று நடப்போரும் வாதிடுகின்றனர். அகன்ற கிரவல் வழியிலோ இருவருக்கும் இடமுண்டு. எதிரே வந்த முதிய தம்பதியரைக் கண்டதும் சிறுமி மணியை ஒருமுறை மெல்ல ஒலித்து, வேகத்தைக் குறைத்து, வாழ்த்துக் கூறிச் சென்றாள். அவர்களும் கையசைத்து விலகினர். வழக்குத் தீர்வதற்கு இதுவும் ஒரு முறையாகும்.

குறுக்கே கட்டிய நாடா

கினீபிஸ் என்ற மேட்டூரை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. வழியில் ஓரிடத்தில் வானம் திறந்திருந்தது. இளமரங்களே அங்கு நின்றன. 1999ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வீசிய ‘லோதார்’ என்னும் புயல் கருங்காட்டில் வீழ்த்திய மரங்களுக்குக் கணக்கில்லை. தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை சில மணித்தியாலங்களிற் சாய்ந்தன என்று கேட்டபோது, நம் ஊர்ப் பனைகளும் புயல்களும் நெஞ்சில் வந்து போயின.

பனியாறு முற்காலத்திற் குடைந்த குழியிலே கிடக்கும் எல்பாக் என்ற சிற்றேரியைக் காண இறங்கத் தொடங்கினோம். இறக்கமும் குளிர்காற்றும் நம்மை மீண்டும் மாணவனாக்கின. கிரவலிற் பிறேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதையும், வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிக்கவேண்டும் என்பதையும் மாணவர் காலையிற் சொல்லியிருந்தார். அகன்ற ரயர்களில் நம் ஊர் வழக்கத்திலும் குறைவாகவே காற்றடைத்ததும் கல்லிற் பிடிமானம் கிடைப்பதற்காகவே. எல்லாவற்றையும் மறந்து நாம் விரைந்தோம்.

ஒரு வளைவின் அப்பால், வழியின் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. விழுகின்ற மரமொன்றின் படம் வரைந்த பலகையும் தொங்கியது. நாம் வழுக்கி ஒருவாறு நின்றோம். ஆள் அரவமில்லை, வாளின் ஒலியுமில்லை. ஏரியோ மிக அருகில். திரும்புவதாயின் நான்கு கிலோமீற்றர் ஏறவேண்டும். “தம்பி, ஒருவரையுங் காணவில்லையே, மெல்லக் கடந்துவிட்டால் என்ன?” என்று கேட்டோம். முப்பது பேர் கொண்ட வகுப்பிலே ஒழுக்கம் போதிக்கும் நம் வாயிலிருந்தே அச்சொல் வந்தது.

மாணவர் விடை கூறத் தயங்கினார். ஆசிரியரை மறுத்துரைத்துப் பழகாதவர். அதற்குள் சிறுமி தன் வண்டியை மேட்டை நோக்கித் திருப்பிவிட்டிருந்தாள். “மாமா, சத்தம் இல்லையென்றால் மரம் பாதி வெட்டி நிற்கும்” என்றாள். பள்ளியில் அவ்வாறு சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அறுத்த வெட்டில் ஆப்பு வைத்து அடிக்கும் வேளையில் வாள் ஓய்ந்திருக்கும் என்று தந்தையார் பின்னர் விளக்கினார்.

மறுமொழியின்றி நாமும் திரும்பினோம். சிறிது தூரம் ஏறியிருப்போம். கீழே நீண்டதொரு முறிவொலியும், அதையடுத்து நிலத்தில் ஒரு பேரதிர்வும் எழுந்தன. அம்மரம் எவ்விடத்தில் வீழ்ந்ததோ அறியோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. ஏரியைக் காணாமலே நகர் மீண்டோம்.

கொண்டு வந்த பாடம்

அக்காட்டு வழி எல்லார்க்கும் திறந்திருக்கின்றது. ஆனால் அதனைக் காப்பது காவற்காரர் அல்லர். மரம் தறிப்பவன் நாடாவைக் கட்டிவிட்டு, வருவோர் அதனை மதிப்பர் என்ற நம்பிக்கையோடு வாளைக் கையில் எடுக்கின்றான். நடப்பவர் மணியோசைக்கு விலகுகின்றார். வண்டியில் வருபவர் நடப்பவருக்காகத் தணிகின்றார். கார்கள் இல்லாமையாற் பாதி அமைதியும், இந்த நம்பிக்கையால் மறுபாதியும் அங்கே உண்டாகின்றன.

ஊர் மீண்ட பின்னர், கல்லூரிக்குச் செல்லும் குளத்தங்கரை ஒழுங்கையில் நம் வண்டியின் மணியைத் திருத்திக் கொண்டோம். காலையில் அவ்வழியே கோயிலுக்கு நடந்து வரும் முதியவர் ஒருவரை முன்னெல்லாம் ஓசையின்றிக் கடந்து செல்வது நம் வழக்கம். அவர் திடுக்கிட்டு ஒதுங்குவார். இப்போது சற்று முன்பாகவே மணியை ஒலித்து மெல்லச் செல்கின்றோம். “என்ன வாத்தியார், இப்போது அவசரமில்லையோ?” என்று அவர் நகைக்கின்றார்.