சாதிச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு சட்டத் திருத்தம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், மதுக்கரை வட்டாட்சியர் அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் கூட்டம் கூடிவிடும். "ஏனுங்க, எங்க பாப்பாவோட சாதிச் சான்றிதழ் வந்துருச்சுங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்பது உங்கள் காதில் விழுந்திருக்கும். கல்லூரிச் சேர்க்கையில் அந்தத் தாளுக்கு மதிப்பு எப்படி வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?

அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. கோவையும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பிரித்துக் கொடுத்தார்கள்.

1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சாதியை மட்டும் காரணமாக வைத்து அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்று அதன் 29(2) பிரிவு சொல்கிறது. இதைக் காட்டி சண்பகம் துரைராஜன் வழக்கு தொடர்ந்தார். அரசாணை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசு வேலையில் இட ஒதுக்கீடு தர 16(4) பிரிவு இருந்தது. கல்விக்கு அப்படி ஒரு பிரிவு அப்போது இல்லை. சிக்கல் அங்கேதான்.

மக்கள் சும்மா இருக்கலீங்க. பெரியார் உள்ளிட்ட தலைவர்கள் குரல் கொடுத்தார்கள். பொதுக்கூட்டம், ஊர்வலம், மாணவர் போராட்டம் என்று மாநிலமே கிளர்ந்தது. அந்தக் குரல் டெல்லி வரை கேட்டது. சென்னைத் தீர்ப்புகளைக் குறிப்பிட்டே திருத்தத்தின் தேவையை நாடாளுமன்றத்தில் விளக்கினார் சட்ட அமைச்சர் அம்பேத்கர்.

1951 ஜூன் 18-ல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்ததுதான் 15(4) பிரிவு. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இது வழிவிடுகிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் மக்களின் கோரிக்கை அதில் ஒரு புதுப் பிரிவாக ஏறிவிட்டது.

பின்னாளிலும் இது நடந்தது. தமிழகத்தின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம், 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றது.

அத்தனை பேர் கேட்டு வாங்கிய உரிமை, உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தாள் தாமதமாவதால் கைநழுவக் கூடாதுங்க. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணையைத் தாண்டித்தான் மேலே போகும். அதற்குச் சில நாள் பிடிக்கும். அதனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்க. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்க. இழுத்தடித்தால் 1100 என்ற முதலமைச்சரின் உதவி மைய எண்ணில் புகார் சொல்லலாம், தயங்க வேண்டாம்.