செயற்கைக் கோள் கூறும் ஈரமும் வயலின் ஈரமும்

விதைப்புக்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பது நமது குடியானவர்களின் வழக்கம். உருண்டை நின்றால் ஈரம் உண்டு. பொலபொலவென உதிர்ந்தால் ஏர் பூட்டிப் பயனில்லை. இச்சோதனையை 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே செய்வதற்காக, அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2015 ஜனவரி 31 அன்று 'ஸ்மாப்' என்னும் செயற்கைக் கோளை ஏவியது. இதனால் நமக்கென்ன எனப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வினவலாம். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மழையளவு, பயிர்நிலை ஆகியவற்றுடன் மண்ணின் ஈரத்தையும் வறட்சியைக் கணிக்கும் குறிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆகவே, ஈரக் கணக்கு பிழைபடின் நிவாரணக் கணக்கும் பிழைபட இடமுண்டு.

பூமியிலிருந்து இயல்பாகவே நுண்ணலைகள் வெளிப்படுகின்றன. உலர்ந்த மண் மிகுதியாகவும் ஈரமண் குறைவாகவும் அவற்றை வெளியிடும். 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளைப் பெற்று, ஸ்மாப் ஈரத்தைக் கணிக்கின்றது. மேகம் இதற்குத் தடையன்று. ஆனால் அடர்ந்த பயிரிலுள்ள நீர் கணக்கைக் குழப்பும். மேலும், மேல்மண்ணில் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் வரையே அதன் பார்வை செல்லும். ஒரு தூறலில் மேல்மண் நனைந்து, அடியில் வேர் வறண்டு கிடப்பதை நாம் கண்டதில்லையா? அன்று கோள் 'ஈரம்' என்றே கூறும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. அதன் அடிப்படைக் கணக்கில் ஒரு கட்டம் 36 கிலோமீட்டர் சதுரம், அதாவது 1,296 சதுர கிலோமீட்டர். ஏரிப்பாசன நஞ்சையும் மானாவாரிக் கொல்லையும் சேர்ந்து ஒரே எண்ணாகி விடுகின்றன. இதனாலேயே, அரிசோனாவிலுள்ள வால்நட் கல்ச் போன்ற நிலப்பரப்புகளில் பல இடங்களில் கருவிகளைப் புதைத்து, அவற்றின் சராசரியுடன் கோளின் கணக்கை ஒப்பிட்டனர். நிலையான ஏற்றத்தாழ்வைக் கழித்தபின், நூறு பங்கு மண்ணில் பிழை 4 பங்குக்கு மிகலாகாது என்பது இலக்கு. அவ்விடங்களில் அது பொதுவாக எட்டப்பட்டது.

தரையில் அளப்பதிலும் தவறு நேரும். 100 கன சென்டிமீட்டர் கொள்ளும் உருளையில் எடுத்த மண் 160 கிராம் இருப்பதாகக் கொள்வோம். 105 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தியபின் அது 140 கிராம் ஆகின்றது. போன நீர் 20 கிராம். எடைக் கணக்கில் ஈரம் 14 சதவீதம். கன அளவுக் கணக்கில் 20 சதவீதம். கோள் கூறுவது கன அளவுக் கணக்கே. இதை மறந்து எடைக் கணக்குடன் ஒப்பிடுவோர், கோள் பொய்யுரைப்பதாக வீணே குறை கூறுவர். நேரமும் ஒத்திருத்தல் வேண்டும். ஸ்மாப் கடப்பது காலை, மாலை 6 மணியளவில். நண்பகலில் எடுத்த மண் அதற்குச் சரியான சாட்சியாகாது. சாலையோர வயலிலேயே மாதிரிகளை முடித்துக்கொள்ளும் சோம்பலையும் நாம் கைவிட வேண்டும். அச்சோம்பல் எம்போன்ற அலுவலர்களிடமும் உண்டு!

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'நிசார்' கோள், 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புவது. மிகச் சிறிய கட்டங்களாக ஈரத்தைக் கணிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. கட்டம் சிறுக்கச் சிறுக்க, ஒரு கிராமத்தின் எண்ணை அக்கிராமத்து மண்ணாலேயே சரிபார்க்க இயலும். அதற்கு, மண் எடுத்த சர்வே எண், தேதி, மணி, ஆழம், நின்ற பயிர், கடைசியாக நீர் பாய்ச்சிய நாள் ஆகியவற்றைப் பஞ்சாயத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தல் போதும்.