வளவுக்குள் ஒரு புகைவண்டி

கொக்கிளாய்க் களப்புக் கரையில் புகைவண்டி ஓடியதில்லை. ஆயினும், டிஸ்னிலாந்துப் பூங்காவைச் சுற்றிவரும் வண்டியைப் படத்திற் கண்ட என் பேத்தி, "அப்பப்பா, இது எங்கடை வளவுக்குள்ளை ஓடாதோ?" என்று கேட்டாள். மறுநாளே கயிறும் முளையுமாக முற்றத்தில் இறங்கினேன்.

அவள் கேட்டது பேராசையன்று. 1955இல் திறக்கப்பெற்ற அப்பூங்கா வண்டிக்கு மூலமே ஒரு வீட்டுத் தோட்டந்தான். வால்ட் டிஸ்னி 1950இல் லொஸ் ஏஞ்சல்சிலிருந்த தம் வளவில் 7¼ அங்குல அகலப் பாதை அமைத்தார். மனைவியின் பூம்பாத்தி குலையாதிருக்க அதன் அடியிலே 90 அடிச் சுரங்கமும் அகழ்ந்தார்.

எமக்கு 45 மில்லிமீற்றர்ப் பாதை போதும். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். ஆகவே யாழ்தேவி ஏறத்தாழ 37இல் ஒரு பங்காகச் சுருங்கும். உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலால் பித்தளைத் தண்டவாளமே தகும். அதுவுங் கறுத்து மின்னோட்டத்தைத் தடுக்கும் என்பதால், வண்டிக்குள்ளேயே மின்கலம் வைக்க வேண்டும். மாரி மழைக்கு மணல் அரித்துப் போகாதிருக்க, அடியிற் கல்லும் சல்லியும் இட்டு உயர்த்த வேண்டும். சுரங்கம் அகழ்ந்தால் இங்கே நீரே ஊறும். எனவே இல்லாளின் மல்லிகைப் பந்தலைச் சுற்றிச் செல்வதென்று உடன்பாடு.

நேர்ப்பாதை இலகுவாயிற்றே என்றார் அயலவர். நானோ வட்டமே வரைந்தேன். 1984இல் இவ்வூரை விட்டு இடம்பெயர்ந்த எங்களுக்கு, மீண்டுவரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. புறப்பட்ட நிலையத்துக்கே ஒரு வண்டி திரும்பி வருவதன் அருமையைப் பேத்தி அறியாள், நான் அறிவேன். தண்டவாளம் இன்னும் வாங்கவில்லை. நிலையத்தின் பெயர்ப்பலகையை மட்டும் எழுதிவிட்டேன்: கொக்கிளாய்.