விரத நாளில் இனிப்பு நீர் மாத்திரை

நம் இந்தியர் குடும்பங்களில் இனிப்பு நீர் நோய் எட்டிப் பார்க்காத வீடு அரிது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்திப் பத்துமலையின் 272 படிகளை ஏறுவோரிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் சந்நிதியில் நிற்போரிலும் மாத்திரை சாப்பிடும் அன்பர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. கிளினிக்கில் பெரும்பாலோருக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின், தனியாக உட்கொள்ளும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் ஆகியவை வேறு இனம். சல்ஃபொனைல்யூரியா என்பது அந்த இனத்தின் பெயர்.

இவ்வினம் கண்டறியப்பட்ட விதமே ஓர் எச்சரிக்கைதான். 1942இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில், டைஃபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்தொன்றைக் கொடுத்தார் டாக்டர் ஜான்போன். சிலருக்கு இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துவிட்டது. காரணத்தை ஆராய்ந்த லூபத்தியேர் என்பவர், கணையம் அகற்றப்பட்ட நாய்களிடம் அம்மருந்து பலிக்கவில்லை என்று கண்டார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதே அதன் வேலை என்பது இதனால் விளங்கியது. 1950களில் இனிப்பு நீர் மாத்திரைகள் இதிலிருந்தே வந்தன.

நாம் பசியாறினோமா, பட்டினியா என்பது மாத்திரைக்குத் தெரியாது. வயிறு காலியாக இருந்தாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெயிலில் நடையும் சேர்ந்தால் சர்க்கரை மேலும் இறங்கும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், குறிப்பாகக் கிளிபென்கிளமைட் சாப்பிடுவோருக்கு, அபாயம் அதிகம்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அறிகுறிகள். கூட்டத்தில் இதை அருள் வந்ததாகவோ வெறும் களைப்பாகவோ எண்ணிவிடக் கூடும். அளந்து பார்த்து 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால், அளக்க வசதி இல்லாவிட்டாலும் சந்தேகம் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். (சர்க்கரைப் பொங்கல் வேண்டாம், நெய் கலந்திருப்பதால் தாமதமாகும்.) 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்ததும் உணவு உண்ண வேண்டும்; விரதம் அன்றோடு முடிந்தது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். தெளிந்தவரையும் தனியே வீட்டுக்கு அனுப்பலாகாது. இம்மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மறுபடி தாழலாம்.

ரமலான் நோன்புக்கு முன்பே டாக்டரைக் கண்டு மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளும் முஸ்லிம் அன்பர்கள் பலர். கந்த சஷ்டிக்கு நம்மில் எத்தனை பேர் அப்படிப் போகிறோம்? விரதத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே, எத்தனை நாள், எந்த வேளை உண்பதில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் சர்க்கரையை ஏற்றிவிடும். சிலருக்கு முழுப் பட்டினி கூடாது, பாலும் பழமும் எடுக்கலாம் என்பார், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். படியேறும் நாளில் மாத்திரையின் பெயர் எழுதிய சீட்டும் குளுக்கோஸ் பொட்டலமும் இடுப்பில் இருக்கட்டும். உடன் வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.