தொலைக்காட்சிச் செய்திகளில் மறைந்திருக்கும் பக்கச்சார்பு

செய்தியில் பக்கச்சார்பு என்றதும் பொய்யுரைப்பதையே நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆனால், பொய் ஒன்றைக்கூடச் சொல்லாமலே ஒரு செய்தி ஒரு சமூகத்துக்கு அநீதி இழைக்க முடியும். எதனை முதலில் சொல்வது, எத்தனை நாள் சொல்வது, மறுப்பு வந்தபின் அதற்கு எத்தனை வினாடி ஒதுக்குவது என்பவற்றிலேயே பக்கச்சார்பு குடிகொண்டிருக்கிறது.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகச் சமூக வலைத்தளங்களில் பரவிய வதந்தியே அதற்குக் காரணம். அது வெறும் மாக்கட்டியே என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் வெளிப்படுத்தியது. எனினும், கதை சாகவில்லை.

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் துயரம் ஆறாத வேளையில், அது வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. குருநாகல் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டைச் சிங்களப் பத்திரிகையொன்று முதலில் வெளியிட, தொலைக்காட்சிகள் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. சான்று எதுவும் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதமே நீதிமன்றில் தெரிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் விடுவிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் பணியிலும் அமர்த்தப்பட்டார். குற்றச்சாட்டுக்குக் கிடைத்த முக்கியத்துவம் இந்த உண்மைக்குக் கிடைத்ததா?

இது வெறும் அசட்டையன்று. அதே ஆண்டு நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல் நடைபெறவிருந்தது. அச்சமே அத்தேர்தலின் பெரும் மூலதனமாயிற்று. வெளிநாட்டு அவதானிப்பாளர்களும் ஊடகங்களின் பக்கச்சார்பைச் சுட்டிக்காட்டினர்.

கல்முனையையும் சாய்ந்தமருதையும் சேர்ந்த நாம் இங்கு இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். நாம் சக்தியையும் வசந்தத்தையும் நேத்ராவையும் பார்க்கிறோம். நமது சிங்கள அயலவர் பார்ப்பது வேறு செய்தி. 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் தீவிரவாதிகளின் மறைவிடம் அகப்பட, அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் வழங்கிய தகவலே உதவியது. அந்த உண்மை அவர்களது திரையில் எத்தனை முறை தோன்றியது? யுத்த காலத்தில் தமிழ் மக்கள் அனுபவித்ததும் இதுவே.

தீர்வு அரசின் கைக்கு ஊடகங்களை ஒப்படைப்பதன்று. தனியார் தொலைக்காட்சிகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம் அமைச்சரிடம் வைத்தது. 1997இல் கொண்டுவரப்பட்ட ஒலி, ஒளிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை, அச்சபை அரசிடமிருந்து சுதந்திரமானதன்று என்பதால், அரசியலமைப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2023இல் வந்த வரைவும் இதே கண்டனத்துக்குள்ளானது. ஆகவே, அரசிலிருந்தும் முதலாளிகளிலிருந்தும் விலகி நிற்கும் ஆணைக்குழுவே நமக்குத் தேவை. குற்றச்சாட்டு ஒளிபரப்பான அதே நேரத்தில், அதே முக்கியத்துவத்துடன் மறுப்பையும் ஒளிபரப்பச் செய்யும் அதிகாரம் அதற்கு இருத்தல் வேண்டும்.

அதுவரை நமக்கும் ஒரு கடமை உண்டு. நம்மைப் பற்றிச் சிங்களத்தில் என்ன சொல்லப்படுகிறது என்பதை அறிந்து, சிங்களத்திலேயே, சான்றுடன், நிதானமாகப் பதிலளிக்க வேண்டும். நமக்குள்ளேயே தமிழில் ஆத்திரப்படுவதால் அயலவரின் ஐயம் நீங்கப்போவதில்லை.